ஊவா மலைக்காடுகள்
இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்ட மலைச்சரிவுகளில் விரிந்திருந்து, பெருந்தோட்டங்களுக்காகப் பெரும்பகுதி அழிக்கப்பட்ட இயற்கைக் காடுகள். இன்று நமுனுகுல மலை (2,036 மீ.) போன்ற உயரங்களிலும் ஓடைக்கரைகளிலும் துண்டுகளாக எஞ்சியுள்ளன.

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடு வெட்டி எரிக்கப்பட்டது. 1869இல் மடுல்சீமையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்த, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைக் காக்குமாறு தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் வலியுறுத்தினார். ஆனால் பதுளை, பண்டாரவளைத் தோட்டங்களில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குக் கீழே அமைந்தவை.

மீள்நடுகை அயல்நாட்டு மரங்களையே நம்பியது. தோட்டங்களில் விறகுக்கும் காற்றுத்தடுப்புக்கும் கிரெவில்லியா, யூக்கலிப்டஸ் நடப்பட்டன. பத்தனைப் புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும், குறிப்பாக 1970, 80களில், வனத் திணைக்களம் கரிபியப் பைன் மரங்களை நட்டது. அவை வெற்றுச் சரிவுகளை விரைவில் பசுமையாக்கின; ஆயினும் இழந்த காட்டுக்கு ஈடாகவில்லை. உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தையாகப் படிந்து, ஆடி, ஆவணியின் வறண்ட கச்சான் காற்றில் எளிதில் தீப்பற்றுகின்றன. எரிந்த சரிவில் முதலில் தழைப்பது மானாப்புல். பைன் வரிசைகளை இடையிடையே நீக்கி, நிழலில் உள்நாட்டு மரங்களை நடும் முறை சிங்கராஜ வன எல்லையில் பரிசோதிக்கப்பட்டுள்ளது.