ரேகைப் பதிவேடும் அழிக்க வேண்டிய காகிதமும்

போன எபிசோடு கேட்டுட்டு ஒரு நேயர் எழுதியிருந்தார்: "15 வயசுல என் தம்பி மேல ஒரு வழக்கு. இளைஞர் நீதிக் குழுமத்துல முடிஞ்சுபோச்சு. இப்போ போலீஸ் வேலைக்கு எழுதலாமா?" பதிலுக்கு முன்னாடி உங்களை உசிலம்பட்டிப் பக்கம் கூட்டிட்டுப் போகணும்.

1914-ல், மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடி கள்ளர்கள் மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. நம்ம பக்கத்துல அதுக்குப் பேரு ரேகைச் சட்டம். பதிவேட்டில் பெயர் ஏறினவங்க கைரேகை கொடுக்கணும், ராத்திரி ஸ்டேஷன்ல ஆஜராகணும், வெளியூர் போகச் சீட்டு வாங்கணும். தனி ஆள் என்ன தப்பு செஞ்சார்னு எந்தக் கோர்ட்டும் விசாரிக்கல. பிறந்த சாதியே போதும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பவும் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களைப் போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

அதே 1920-லதான் அதே சென்னை மாகாணம் சிறுவர் சட்டத்தையும் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முதல் சிறுவர் சட்டம் அது! தப்பு செஞ்ச பிள்ளையை ஜெயில்ல போடாதே, தனியா விசாரி, பள்ளிக்கு அனுப்புன்னு சொல்லுது. இரண்டையும் பக்கத்துல வெச்சுப் படிச்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சது.

ரேகைச் சட்டம் 1947-ல் இங்கே ரத்தானது. பதிவேட்டு வழக்கம் மட்டும் லேசில் போகவில்லை. அதனால்தான் இன்றைய இளைஞர் நீதிச் சட்டத்தின் (2015) 24-ஆவது பிரிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிறுவனாக இருந்தபோது வந்த தீர்ப்பால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்களை அழிக்க வேண்டும். 16 வயது தாண்டி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனத் தீர்ப்பானவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

2019-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்குத் தேர்வான இளைஞர், சிறுவயது வழக்கை மறைக்காமல் சொன்னார். விடுதலையான வழக்குதான், ஆனாலும் வேலையைப் பறித்தார்கள். தண்டனையே கிடைத்திருந்தாலும் அதை அவருக்கு எதிராக வைக்கக்கூடாது என்றது நீதிமன்றம்.

அதனால, தம்பி எழுதட்டும். படிவத்துல என்ன கேட்டிருக்காங்கன்னு நிதானமாப் படிங்க, எதையும் மறைக்காதீங்க. குழுமத்தின் உத்தரவு நகலோட மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. போலீஸ் கையில இருக்கிற ஆவணத்தை அழிச்சாச்சான்னு எழுத்துல கேளுங்க.