பீரங்கிக் குண்டும் படவண்டியும்

ஒரு முகம் தட்டை, மறுமுகம் உப்பல்: நாம் பார்த்துப் பழகிய லென்ஸ்தான். 1850-ல் இராக்கின் நிம்ருத் இடிபாடுகளில் தொல்லியலாளர் லேயார்டு தோண்டியெடுத்த படிகக் கல்லும் இதே வடிவம். வயது ஏறக்குறைய 2,700 ஆண்டு. வெயிலைச் சுமார் 12 செ.மீ. தள்ளிக் குவிக்கும். அது அலங்காரமா, உருப்பெருக்கியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

984 வாக்கில் பாக்தாதின் இப்னு சஹ்ல், வெயிலால் நெருப்பு மூட்டுவதற்காக இத்தகைய லென்ஸை வடிவியலால் வகுத்தார். அவர் ஏடுகளோ டமாஸ்கஸிலும் தெஹ்ரானிலுமாகச் சிதறிப்போயின; ஒன்றுசேர 1990 வரை ஆயிற்று.

1608-ல் மிடில்பர்க் மூக்குக்கண்ணாடிக்காரர் லிப்பர்ஹே தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டார். ‘இது பலருக்கும் தெரிந்ததுதானே’ என்று கைவிரித்தார்கள். கேள்விப்பட்டதை வைத்தே கலிலியோ மறு ஆண்டு தாமும் ஒன்று செய்தார். அவருடைய சாமான் பட்டியலில் கண்ணாடி, பீரங்கிக் குண்டு, வெள்ளீய ஆர்கன் குழாய் எல்லாம் உண்டு. கணக்கு ஒளிந்திருப்பது குண்டில். தட்டைக் கண்ணாடியை அதன்மேல் தேய்த்தால் குழிவு விழும். குவியத் தூரம் எவ்வளவு? உப்பலுக்கு 1611-ல் கெப்ளர் விடை சொன்னார்: அந்த வளைவுள்ள உருண்டையின் விட்டம்தான். குழிவுக்கும் அதே அளவு.

எல்லா லென்ஸுக்கும் பொதுவான சூத்திரத்தை 1693-ல் வெளியிட்டவர் வால்நட்சத்திரப் புகழ் ஹாலி. அதில் தட்டை முகம் கணக்கிலேயே வராது. ஒளிவிலகல் எண்ணில் 1 கழித்து, மீதியால் வளைவின் ஆரத்தை வகுத்தால் போதும். கண்ணாடிக்கு எண் சுமார் 1.5, மீதி அரை. ஆரம் இரட்டிக்கிறது, கெப்ளரின் விட்டம் கிடைக்கிறது.

1659-ல் ஹைகன்ஸ் செய்த மாய விளக்கின் வழியே லென்ஸ் படம் காட்டும் தொழிலுக்கு வந்தது. மலாயாவின் பேரா மாநிலத்துக்குப் படக்கருவிகளைக் கொண்டுவந்ததில் துப்பாக்கிக்கும் பங்குண்டு. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. மக்களைத் தன் பக்கம் இழுக்க, அரசு படவண்டிகளைப் பெருக்கித் தோட்டந்தோறும் அனுப்பியது. லயத்து மக்கள் திடலில் உட்கார்ந்து தமிழ் விளக்கத்தோடு படம் பார்த்தார்கள். இத்தகைய கருவிகளில், விளக்கின் ஒளியைத் திரட்டிப் பிலிமில் பாய்ச்சப் பெரும்பாலும் ஒரு முகம் தட்டையான இரண்டு லென்ஸ்கள், உப்பல்கள் ஒன்றையொன்று பார்க்க, நிற்கும்.

ஒளியைத் திரட்டும் வேலைக்கு நுட்பமான லென்ஸ் தேவையில்லை. ஒரே முகத்தை வளைத்துத் தேய்ப்பதால் கூலியும் மிச்சம். மேசைக் கண்ணாடியில் சிந்திய நீர்த்துளியும் இதே இனம்தான். நீரின் எண் 1.33 என்பதால் அங்கே மட்டும் ஆரத்தை மூன்றால் பெருக்குங்கள்.