யாருடைய வேலைக்கான படிப்பு?

‘பல்கலைக்கழகம் வேலைக்கு லாயக்கான ஆளைத் தயாரிப்பதில்லை, அதைச் சீர்திருத்தணும்’ என்று ஒரு கூட்டத்தில் நண்பர் பேசினார். கைதட்டினார்கள். எனக்கு உறுத்தியது. இத்தனை காலமும் அது வேலைக்குச் சம்பந்தமில்லாத ஞானத்தைப் போதித்து வந்ததாக்கும்!

1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. நிலத்தை அளந்தால்தானே வரி போடலாம்? பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1844இல் ஹார்டிஞ்ச், அரசுப் பணியில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்றார். 1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையோ, நம்பகமான ஊழியர்கள் கிடைப்பார்கள் என்று வெளிப்படையாகவே எதிர்பார்த்தது. அந்த அறிக்கையின் வழியாகத்தான் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. லண்டனைப் பார்த்து, பாடம் நடத்தாமல் பரீட்சை மட்டும் வைத்துப் பட்டம் தந்தது. பட்டம் என்பது உத்தியோகத்துக்கான சீட்டு.

அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை. அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தார், சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியானார். உட் எதிர்பார்த்த ஆள்தான். ஆனால் நாம் அவரை ஞாபகம் வைத்திருப்பது 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதற்காக. ஏடு தேடி அலைவதற்கும், செல்லரித்த பிரதிகளை ஒப்புநோக்குவதற்கும் யார் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள்? சம்பளத்துக்குப் பார்த்த வேலை ஒன்று, வாழ்நாள் வேலை இன்னொன்று. இதில் எதற்கு மாணவரைத் தயார்படுத்தச் சொல்கிறோம்?

வேலைக்கான கல்வி என்ற பேச்சுக்கு இங்கே இன்னொரு முகமும் உண்டு. 1953இல் ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் கொண்டுவந்த திட்டம்: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். வாழ்க்கைக்கு உதவும் கல்வி என்பதுதான் அங்கேயும் நியாயம். வெளுக்கிறவர் மகனுக்கு வெளுப்பு, வனைகிறவர் மகனுக்குச் சக்கரம். குலக்கல்வி என்று திராவிடர் கழகத்தார் கொதித்தார்கள். 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்தப் பிள்ளைகளெல்லாம் ஆரம்பப் பள்ளியிலேயே தேங்கியிருந்தால் பல்கலைக்கழகத்து வாசலை எங்கே பார்த்திருப்பார்கள்?

அதற்காக, வேலை கேட்கிற முதல் தலைமுறைப் பையனை நான் ஏளனம் பண்ண மாட்டேன். வயிறு இருக்கிறது. வீட்டில் கடனும் இருக்கிறது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஒரு பெண் கணினிப் பயிற்சி பெற்றால் நல்லதுதான். என் வழக்கு பாடத்திட்டத்தை யார் எழுதுவது என்பதில். முதலாளிகளைக் கேட்டு எழுதுகிறவர்கள் தொழிற்சங்கத்தையும் கூப்பிடட்டும். ஒப்பந்தப் பத்திரத்தை வாசிக்க, வேலை நேரத்தைக் கணக்குப் போட, சங்கம் வைக்க அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். கலித்தொகைக்கும் வாரத்தில் ரெண்டு மணி நேரம் விடட்டும்.