மரத்தூணில் நிற்கும் மல்லர்

மற்போரில் வலியவனே வெல்வான் என்பது பொதுவான எண்ணம். பெருந்தோளும் பருத்த புயமும் உடையவன் எதிரியை எளிதில் தூக்கி எறிவான் என்றே பலரும் கருதுவர். ஆயினும் அக்கலையின் வரலாறு வேறோர் உண்மையைக் கூறுகின்றது.

1341ஆம் ஆண்டில் நான்காம் புவனேகபாகு ஆட்சிக்கு வந்த காலந்தொட்டு, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, கம்பளை அரசிருக்கையாக விளங்கிற்று. அங்கிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்திலே, அண்மையிலுள்ள உடுநுவரையில் எம்பக்கே தேவாலயம் எழுந்தது. கதிர்காமக் கடவுளுக்குரிய அத்தேவாலயத்தின் மேள மண்டபத்தைத் தாங்கும் மரத்தூண்களிலே அன்னமும், இருதலைப் புள்ளும், ஆடல் மகளிரும் செதுக்கப்பட்டுள்ளனர். அவற்றிடையே, ஒருவரையொருவர் இறுகப் பற்றிய மல்லர் இருவரும் நிற்கின்றனர்.

இத்தகைய பிடியில் வெற்றியைத் தீர்மானிப்பது யாது? தமிழ்ப் புலவர் இதனைப் பண்டே கண்டனர். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடியுள்ளார். அங்கே அவர் கண்ணை ஈர்த்தவை வீரனுடைய கால்களே. ஒரு கால் மல்லனின் மார்பிலே ஊன்றுகின்றது. மற்றையது பின்புறம் சென்று அவன் சூழ்ச்சியைத் தடுக்கின்றது.

இன்றைய உடலியலும் இதற்கு இசைந்ததே. பயிலாதவன் கையையும் தோளையுமே நம்புகின்றான். மூட்டை மடக்கும் தசையையும் நீட்டும் தசையையும் ஒருங்கே இறுக்குகின்றான். ஒன்றையொன்று எதிர்ப்பதனால் அவன் வலிமை தன் உடலுக்குள்ளேயே செலவாகிறது; விரைவிற் களைத்துவிடுகின்றான். பயின்றவனோ முதலில் எதிரியின் நிலையைக் குலைக்கின்றான். உடலின் புவியீர்ப்பு மையம் பாதங்களின் எல்லையைக் கடந்ததும், வீழ்த்தும் வேலையிற் பாதியை நிலமே செய்துவிடும். எஞ்சியதைத் தொடை, இடுப்பு ஆகியவற்றின் பெருந்தசைகள் ஒரு கணத்தில் முடிக்கின்றன. ஏனைய தசைகள் தளர்ந்திருக்கின்றன. 1882இல் கனோ ஜிகோரோ யப்பானில் நிறுவிய யூடோப் பள்ளியும் நிலை குலைத்தலையே எறிதலின் முதற்படியாக வகுத்தது.

இலங்கையின் அங்கம்பொரவும் இவ்வகைப் பயிற்சியே. அங்கம் என்பது உடல். பொர என்பது போர். தமிழ்ச் செவிக்கு இரண்டும் அயலல்ல. கண்டி அரசிலே சுதலிய, மருவல்லிய என்னும் இரு மரபினர் இதனைப் போட்டியிட்டு வளர்த்தனர். 1817–1818 ஊவாக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், அதன்பின் இக்கலைக்குத் தடை விதித்தனர். சில குடும்பங்களே அதை மறைவில் காத்தன.

தடையின் கொடுமை இங்கேதான் விளங்கும். ஏடு மறைந்தால் பிறிதோர் ஏட்டைத் தேடலாம். எக்கணத்தில் தசையை இறுக்குவது, எக்கணத்தில் தளர்த்துவது என்னும் அறிவோ ஆசான் உடலிலிருந்து மாணவன் உடலுக்கே செல்வது. ஒரு தலைமுறை அறுந்தால் அது மீளாது. எம்பக்கே மல்லர் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிடியைக் காட்டுகின்றனர். பிடித்தபின் செய்வது யாது என்பதை மரம் சொல்லாது, மனிதரே சொல்லவேண்டும்.