அத்தோ வந்த வழி

கரண்டியை நீட்டினேன். அத்தை வாங்கவில்லை. "கரண்டி போட்டா உப்புமா மாதிரி ஆயிடும்மா. இதைக் கையாலதான் பிசையணும்" என்று சொல்லி, வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, அகலமான பேசினுக்குள் இரண்டு கையையும் விட்டார். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முடிபோல நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், அதன்மேல் பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், கொரகொரப்பான மிளகாய்த் தூள், உப்பு. பிசையப் பிசைய நூடுல்ஸ் பளபளத்தது. ஓர் இழையை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் புளி என்றார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பு மொட்டைமாடிக்கு வீட்டுக்கொரு பதார்த்தம் ஏறிவரும். அன்று டோக்ளா இருந்தது, தலைச்சேரி உன்னக்காய் இருந்தது, வடகிழக்கிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் வேகவைத்த மோமோ இருந்தது, பீட்ரூட் கட்லெட் இருந்தது. ஊர்விட்டு ஊர் வராத பண்டம் அதில் எதுவுமில்லை. கட்லெட்டுக்குள் இருக்கிற உருளைக்கிழங்கே தென் அமெரிக்க மலைகளில் பிறந்து ஐரோப்பியர் கப்பலில் வந்ததுதான். ஆனாலும் எனக்கு அத்தை பிசைந்த அத்தோவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பர்மாவிலிருந்து அது வந்த கப்பலில்தான் என் அத்தையும் வந்தார்.

பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் பிசைந்து கலந்தது. கடைசி 'க்' வெளியே வராமல் தொண்டையிலேயே நின்றுவிடும்; தமிழ்க் காது அதை 'அத்தோ' என்று கேட்டுக்கொண்டது. நூடுல்ஸைக் கலந்தால் 'கவுஸ்வே தோக்', இஞ்சியைக் கலந்தால் இஞ்சி தோக். அத்தை கரண்டியை மறுத்தது பிடிவாதமில்லை. பண்டத்தின் பெயரே அதைத்தான் சொல்கிறது.

இதை முழுக்க பர்மியச் சமையல் என்று சொல்லிவிடவும் முடியாது. நூடுல்ஸ் சீனர்கள் வழியாகப் போனது. பர்மியர்கள் கலவை உணவுகளில் தூவுகிற வறுத்த கடலைமாவில் இந்தியக் கை இருக்கிறது. 1930களில் ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். செட்டியார் கடைகள், தெலுங்குத் துறைமுகத் தொழிலாளிகள், தமிழ்க் கூலிகள் என்று நிறைந்திருந்த ஊர் அது. நம் தோசை அங்கே 'தோஷே' ஆனது, பரோட்டா 'பலாத்தா' ஆனது, சமோசாவை உடைத்துப் போட்டுக் கலந்து 'சமூசா தோக்' என்று புதிதாக ஒன்றையே உண்டாக்கினார்கள். அடுப்படி வழியாக ஒரு நாட்டுக்குள் போனவர்கள் நாம்.

1962 மார்ச்சில் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகள், பிறகு கடைகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. மூன்று தலைமுறை உழைப்பை விட்டுவிட்டு, கையில் எடுத்துவர அனுமதித்த கொஞ்சத்தோடு நம் ஜனங்கள் கப்பலேறினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாடு வந்தார்கள். இங்கே ஒட்டமுடியாமல் தரைவழியாக பர்மாவுக்கே திரும்பப் புறப்பட்டவர்களும் உண்டு. எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரே ஊரிலேயே அவர்கள் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. அதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

சென்னையில் இறங்கியவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் குடியேறினார்கள். 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி பர்மா பஜார் வந்தது. நாற்காலி போட இடமில்லாத அந்தப் பக்கத்துத் தெருக்களில், செகண்ட் லைன் பீச்சில், தள்ளுவண்டியில் அத்தோ வியாபாரமானது. ரங்கூனில் மணத்த இறால் பொடியும் மீன் சாறும் இங்கே பெரும்பாலும் நின்றுபோய், புளியின், எலுமிச்சையின் கை ஓங்கியது. தட்டையைப் போன்ற 'பேஜோ'வை மேலே நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு மிதக்கும் சூப் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்த அவித்த முட்டையும் கூட வந்தது.

எங்கள் வீட்டு அத்தோவுக்கு நூடுல்ஸும் பேஜோவும் இன்றும் அங்கிருந்துதான். பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கம், மயிலை, மந்தைவெளி தாண்டி, அடையாற்றைக் கடந்ததும் கோட்டூர்புரம். பேஜோ நொறுங்காமல் வர வேண்டும் என்பதற்காகவே ஜன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். ரங்கூனிலிருந்து மடியில் எதை வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று ஒருமுறை அத்தையிடம் கேட்டேன். "தம்பியை" என்றார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது.

அன்று மொட்டைமாடியில் பேசின் காலியாக அரைமணி ஆகவில்லை. மோமோ கொண்டுவந்த பிள்ளைகளில் ஒருத்தி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். எப்படிச் செய்வது என்று கேட்டவளுக்கு அத்தை அளவு எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை பிசையும்போது வந்து பக்கத்தில் நில்லு கண்ணு என்றார்.

கீழே வந்ததும் அத்தை அடுப்படிக் கதவைச் சாத்தினார். மாடியில் பாதிப்பேர் சைவம் என்பதால் தனியே எடுத்துவைத்திருந்த ஒரு பிடி நூடுல்ஸ் கிண்ணத்தில் இருந்தது. மேலலமாரியிலிருந்து மூடி இறுகிய சின்ன டப்பாவை எடுத்து, வறுத்து இடித்த இறால் பொடியை இரண்டு சிட்டிகை தூவி, விரல் நுனியால் பிசைந்தார். முதல் வாயை என்னிடம் நீட்டினார்.