சவர்க்காரமும் மரபணுச் சோதனையும்

பத்தாங் காலியிலிருந்து கோலசிலாங்கூர் வரையுள்ள தோட்டங்களில் ரப்பரைத் தள்ளிவிட்டுச் செம்பனை வந்தமை யாவரும் அறிந்ததே. இந்நாட்டில் வாணிக நோக்கோடு செம்பனை முதன்முதல் பயிரிடப்பெற்றதும் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான், ஆண்டு 1917. மரம் மாறினும் புல் மாறவில்லை. புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை பெரிதும் பெண்களுக்கே வாய்த்தது.

அப்பெண்கள் முதுகில் சுமந்த தொட்டியில் களைக்கொல்லியோடு ஒருவகைச் சவர்க்காரப் பொருளும் கலந்திருந்தது. புல்லின் இலை மெழுகுப் பூச்சுடையது. நீர் அதில் ஒட்டாது உருண்டோடும். மருந்தைப் படரச் செய்து இலைக்குள் புகுத்துவது சவர்க்காரத்தின் தொழில். 1974ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த கிளைபோசேட் களைக்கொல்லிக் கலவைகள் பலவற்றில், மாட்டுக் கொழுப்பினின்று செய்யப்படும் அமீன் பொருள் இதற்கெனச் சேர்க்கப்பட்டது.

வேதிப்பொருள் மரபணுவைச் சிதைக்கும் என்பது அதற்கு முன்னரே தெரிந்த செய்தி. எடின்பரோவில் சார்லட் அவர்பாக் என்னும் அம்மையார், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கடுகுவாயு பழ ஈக்களின் மரபை மாற்றுவதைக் கண்டார். போர் இரகசியம் காரணமாக அம்முடிவு 1946இல்தான் வெளிவந்தது. பின்னர், 1970களில், அமெரிக்காவின் புரூஸ் எய்ம்ஸ் எளிய சோதனையொன்றை வகுத்தார். ஹிஸ்டிடின் என்னும் சத்தைத் தாமே ஆக்கிக்கொள்ள இயலாத பாக்டீரியாக்களை அச்சத்தில்லாத தட்டில் இட்டு, ஐயத்திற்குரிய பொருளையும் இடுவர். அப்பொருள் மரபணுவை மாற்றுமாயின், சில பாக்டீரியாக்கள் இழந்த ஆற்றலை மீளப்பெற்றுப் புள்ளிபுள்ளியாய்ப் பெருகும். உடலினுட் புகுந்தபின் பொருள் அடையும் மாற்றத்தையும் அறிய எலியின் ஈரல் சாற்றைச் சேர்ப்பர். எண்ணத் தெரிந்தவர் எவரும் விடை காணலாம்!

சவர்க்காரத்திடம் மட்டும் இச்சோதனை சற்றே இடறும். அது பாக்டீரியாவையே கொன்றுவிடுமாதலால், சிறிய அளவில்தான் சோதிக்க முடியும். செத்த பாக்டீரியா சாட்சி சொல்லாதன்றோ?

2015 மார்ச்சில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், கிளைபோசேட்டும் அதன் கலவைகளும் மரபணுவைத் தாக்குவதற்கு வலுவான சான்று உண்டென்றது. அதே நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கிளைபோசேட் அவ்வாறு தாக்குவது ஐயமே என்றது. முரண்பாட்டின் காரணங்களுள் ஒன்று எளிது: முன்னவர் கலவையையும் ஆய்ந்தனர், பின்னவர் தனிப்பொருளையே முதன்மையாய் நோக்கினர். எனினும் கொழுப்பு அமீன் கிளைபோசேட்டினும் நச்சுடையதென்றும், அதன் மரபணு நச்சுத்தன்மை தெளிவாக்கப்பட வேண்டுமென்றும் அவ்வாணையமே கூறிற்று. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் கிளைபோசேட் கலவைகளில் அவ்வமீனைச் சேர்ப்பதைத் தடுத்தது. 1974இலிருந்து எண்ணினால் நாற்பத்திரண்டு ஆண்டுகள். தோட்டத்தில் மருந்தடித்த பெண்ணொருத்தி வேலைக்குச் சேர்ந்து, பேரப்பிள்ளையும் கண்டு, ஓய்வு பெற்றுவிடும் காலம்.