தாது வருஷத்து ஒரு ராத்தல்

போளூருக்கு மேற்கே, ஜவ்வாது மலையின்மீது சாமையும் கேழ்வரகும், அடிவாரத்துச் சமவெளியில் ஏரிப் பாய்ச்சலைக்கொண்டு நெல்லும் விளைந்துவந்தன. இரண்டும் வானத்தை நம்பியவையே. 1876ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஒருசேரப் பொய்த்தபோது, போளூர் தாலுகா அந்நாளில் அடங்கியிருந்த வடஆற்காடு ஜில்லாவும் சென்னை ராஜதானியின் க்ஷாம ஜில்லாக்களுள் ஒன்றாயிற்று. தாது வருஷப் பஞ்சம் என்று முன்னோர் சொல்லிச் சொல்லி வைத்த பஞ்சம் இதுவே.

பஞ்சத்தின் கோரத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதனிடையே எழுந்த ஒரு வாதத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. நிவாரண வேலைக்கு வரும் ஒருவனுக்கு உயிர் தங்குவதற்கு எவ்வளவு தானியம் வேண்டும் என்பதே அவ்வாதம். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் பிரதிநிதியாக வந்த ஸர் ரிச்சர்டு டெம்பிள், நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (பவுண்டு) தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று விதித்தார். இதே டெம்பிள் 1873-74இல் பீகாரில் பர்மா அரிசியைத் தாராளமாக வரவழைத்துப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தவர் என்பதும், அதற்காக ஊதாரி என்று ஏசப்பட்டவர் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கன. உயிர் காத்ததற்காக வசை கேட்ட மனிதர், அவ்வசையைத் துடைக்கப் பிறர் வயிற்றை அளவுகோலாகக் கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ராஜதானியின் சானிடரி கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். இந்நாட்டு மக்களின் ஆகாரத்தை முன்னரே ஆராய்ந்திருந்த அவர், உழைக்கும் உடலுக்கு ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், அதனுடன் பருப்பும் காய்கறியும் சேரவேண்டும் என்று வாதாடினார். வாதம் பத்திரிகைகளிலும் கச்சேரிக் கடிதங்களிலும் நடந்துகொண்டிருக்க, முகாம்களில் சீதபேதியும் வாந்திபேதியும் தம் வேலையை நடத்திக்கொண்டிருந்தன. 1877 மார்ச்சில் சென்னை அரசாங்கம் ஒன்றேகால் ராத்தல் தானியத்துடன் சிறிது பருப்பும் தர இசைந்தது. ஆயினும், நெடுநாள் பட்டினியால் குடல் நலிந்தபின் எவ்வளவு உணவிட்டாலும் உடல் ஏற்பதில்லை என்பதை, க்ஷாமத்தில் மாண்டோரைப் பிரேத பரிசோதனை செய்து 1889இல் நூலெழுதிய அலெக்ஸாண்டர் போர்ட்டர் முதலிய வைத்தியர்கள் கண்டனர். காலங்கடந்து உயர்த்திய படி பலருக்குப் பயன்படாமற் போனதன் காரணம் இதுவே. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என்பது சரித்திராசிரியர் பலரின் கணிப்பு.

பின்னர் ஸ்டிராச்சி தலைமையில் அமைந்த க்ஷாமக் கமிஷன் 1880இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதையொட்டி எழுந்த க்ஷாம விதிகள் கூலியையும் கஞ்சியையும் பஞ்சம் வருமுன்னரே வரையறுத்தன. நோய்களைத் தடுக்கவும் சட்டங்கள் எழுந்தன. பிளேக் அச்சத்தில் 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. கோவிட் நோயின்போது 2020இலும் இவ்விரு சட்டங்களையும் அரசு கையில் எடுத்தது என்பது அவற்றின் ஆயுளுக்குச் சான்று.

முகாமில் ஒருவருக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று டாக்டர் கார்னிஷ் எழுப்பிய கேள்விக்கு 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. அதன் 12ஆம் பிரிவு, நிவாரண முகாமில் இருப்பிடம், உணவு, குடிநீர், மருத்துவ வசதி, சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகளைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பரிந்துரைக்க வேண்டும் என்கிறது. 31ஆம் பிரிவோ ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்கவேண்டும் என்கிறது. போளூர் இன்று அடங்கியுள்ள திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் அது பொருந்தும். மலைமேலிருந்து நோயாளியைப் போளூருக்கு இறக்குவதற்கு என்ன ஏற்பாடு, முகாமில் ஒருவருக்கு என்ன படி என்பவற்றை அறிய அத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, அடுத்த மழைக்காலத்துக்கு முன் கிராம சபையில் ஒருமுறை உரக்கப் படிக்கும்படி போளூர் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.